காலை எடுத்தால் கை ஆடும்

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் மலையைக் கண்குளிரத் தரிசித்துவிட்டுத் திரும்புவார்கள். சென்ற ஐப்பசி மாதத்தில் நாம் போய்வந்தபோதோ, மலையைத் தரிசித்த நேரத்தைக் காட்டிலும் மோட்டார் வண்டியின் முன் கண்ணாடியைத் தரிசித்த நேரமே அதிகம். கண்ணாடிக்கு வெளியே மழை. கண்ணாடியின் மேலே மழைநீர். அந்த நீரைத் துடைப்பதற்காக ஏற்பட்ட இரண்டு இரும்புக் கைகளும், சத்தியாக்கிரகிகளைப்போல, "நாங்கள் அசையமாட்டோம்" என்று படுத்துக் கிடந்தன.

வண்டி நமது சிநேகிதருடையது. அவருடைய பாட்டனாருடையது என்பதே இன்னும் பொருத்தம். 1947-ம் வருஷத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்டது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் நோய் நொடியை ஊரறியச் சொல்லுவது மரியாதை அல்லவே! கோயமுத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவாக ஒரு மோட்டார் காட்சிசாலை 2015-ல் திறந்திருக்கிறார்கள். அங்கே பழைய வண்டிகள் பளபளவென்று வரிசையாக நிற்கின்றன. ஆனால் அங்கே மழை பெய்வதில்லை. பழைய வண்டியின் குணம் தெரியவேண்டுமானால் ஐப்பசி மழையில் அதை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

அப்படி ஓட்டவேண்டிய அவசியம் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். சிநேகிதரின் தாயாருக்கு வயது எண்பத்திரண்டு. 1962-ல் கலியாணமாகி வந்த புதிதில், அந்த அம்மாளை அவருடைய மாமனார் இதே வண்டியில் உட்காரவைத்து மலையைச் சுற்றிக் காட்டினாராம். பிறகு எத்தனையோ தடவை அவர் நடந்தே கிரிவலம் வந்திருக்கிறார். இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. "இன்னொரு தடவை அந்த வண்டியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். தாயார் சொல்லைத் தட்டாத பிள்ளை, சென்னையில் பத்து வருஷமாகத் துணியால் மூடிவைத்திருந்த வண்டியைத் துடைத்து எடுத்துக் கிளப்பிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்டிருந்தபடியால் நாமும் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டோம்.

செஞ்சி ரஸ்தாவில்

திண்டிவனம் வரையில் தூறல்தான். அங்கிருந்து மேற்கே திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. சிநேகிதர் ஒரு குமிழைத் திருகினார். துடைக்கும் கைகள், அதாவது நம் டிரைவர்கள் வாயில் 'வைப்பர்' என்று வழங்கும் அந்தக் கைகள், மெல்ல எழுந்து பாதி தூரம் போய்க் களைத்து நின்றன. மீண்டும் திரும்பின. கலியாண வீட்டில் இரவு முழுதும் விசிறிய வேலைக்காரன் விடியற்காலையில் விசிறுவதுபோல இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. வண்டி நின்ற நேரத்தில் வைப்பர் கொஞ்சம் வேலை செய்தது. மெதுவாகப் போனால் சுமாராக ஆடியது. முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்காகச் சிநேகிதர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாரோ இல்லையோ, அப்படியே ஸ்தம்பித்துவிட்டது. லாரியின் சக்கரம் சேற்று நீரை வாரி நம் கண்ணாடியில் இறைக்கிற அந்த நிமிஷத்தில்தான் துடைப்பதற்கு ஆளில்லை!

செஞ்சியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். அங்கிருந்த லாரி டிரைவர் ஒருவர் இரக்கப்பட்டு, ஒரு பீடியைப் பிரித்துப் புகையிலைத் தூளைக் கண்ணாடியின் மேல் தேய்த்துக் கொடுத்தார். இது நம் நாட்டு ரஸ்தாக்களில் வெகுகாலமாக வழங்கும் கைவைத்தியம். தேய்த்த இடத்தில் நீர் முத்து முத்தாக நில்லாமல் படலமாக வழிந்துவிடும். அந்தப் புகையிலையின் புண்ணியத்தினால் ஊர்ந்து ஊர்ந்து மாலை நாலரை மணிக்குத் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தோம்.

"நாளைக்குச் சுற்றலாமே" என்று நாம் சொல்லிப் பார்த்தோம். "மழை விட்டிருக்கிறது. இருட்டுவதற்குள் சுற்றிவிடலாம்" என்றார் சிநேகிதர். பௌர்ணமி நாளாயிருந்தால் கிரிவலப் பாதையில் வண்டியை விடமாட்டார்கள். அன்று சாதாரண நாள். பதினான்கு கிலோமீட்டர் தூரந்தானே என்று கிளம்பிவிட்டோம்.

வருணனுக்கும் வாயுவுக்கும் நடுவில்

மலையைச் சுற்றி எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பது நேயர்களுக்குத் தெரிந்ததே. கிழக்கே இந்திர லிங்கத்தில் தொடங்கி, அக்கினி, எமன், நிருதி என்று செங்கம் ரஸ்தாவழியே போய், காஞ்சி ரஸ்தாவில் வலப்புறம் திரும்பினால் மலையின் பின்புறம் வந்துவிடுகிறது. பட்டணத்தின் சந்தடி அடங்கி, வயலும் மரமும் தெரியத் தொடங்கும். மேற்கே வருண லிங்கம். வடமேற்கே வாயு லிங்கம். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற கிராமந்தான் அடி அண்ணாமலை.

சின்ன ஊர் என்றாலும் பெயர் பெரியது. ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கேதான் இருக்கிறது. அங்குள்ள லிங்கத்தைப் பிரமதேவன் பிரதிஷ்டை செய்தான் என்பது ஐதிகம். மார்கழி மாதத்தில் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் பாடுகிற திருவெம்பாவையை மாணிக்கவாசகர் இங்கே தங்கிப் பாடினார் என்று சொல்லுவார்கள். அவருக்கும் இவ்வூரில் ஒரு கோயில் உண்டு. கீழ்த்திசையிலிருந்து ஒரே சிகரமாய்த் தோன்றும் மலை, இங்கிருந்து பார்த்தால் வேறு உருவம் காட்டும். பட்டணத்திலே ராஜாவாக வீற்றிருப்பவர் இங்கே வேட்டியைத் தளர்த்திக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

வருண லிங்கத்தைத் தாண்டியதும் வருணன் தன் வேலையைக் காட்டிவிட்டான். மழை கொட்டியது. வெளிச்சமும் மங்கியது. பின்னால் ஒரு பஸ் வந்து, "வழிவிடு, வழிவிடு" என்று ஹாரனை அலற வைத்தது. சிநேகிதர் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். நட்ட நடுவில் எழுந்த வைப்பர் கை நட்ட நடுவிலேயே நின்றுவிட்டது.

கண்ணாடி முழுவதும் வெள்ளை. அந்த வெள்ளையில் திடீரென்று ஒரு கறுப்பு உருவம்!

பிரேக்கை மிதித்த வேகத்தில் நம் நெற்றி கண்ணாடியில் இடித்தது. வண்டி சறுக்கிக்கொண்டு போய் நின்றது. கீழே குதித்து ஓடிப் பார்த்தோம். நடைபாதையில் தேங்கியிருந்த குட்டையைச் சுற்றிப் போவதற்காக ரஸ்தாவில் இறங்கிய ஒரு கிழவி. தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். காலில் செருப்பில்லை. அவளுக்கும் வண்டியின் முன்கம்பிக்கும் இடையே ஒரு முழம் இருந்தது. ஒன்றே ஒன்று.

"பாட்டியம்மா! அடி ஏதாவது பட்டதா?"

"ஒண்ணும் ஆவல சாமி. எம்மேல படல. ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"எங்கே போகவேண்டும்? வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். கொண்டுபோய் விட்டுவிடுகிறோம்."

கிழவி சிரித்துவிட்டாள். "மலையைச் சுத்தறவ வண்டியில ஏறுவாளா? நீங்க போங்க சாமி. பார்த்து மெதுவாப் போங்க, அது போதும்."

இப்படிச் சொல்லிவிட்டு மழையில் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். சிநேகிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு ரஸ்தா ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வண்டிக்குள் தாயார் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்துச் சிநேகிதர் எழுந்து, "இந்தச் சனியனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மின்சார மோட்டார் வைக்காமல் இனிமேல் வண்டியைத் தொடமாட்டேன்" என்று சபதம் செய்தார்.

காற்று வைப்பர்

ஐம்பது அடி தூரத்தில் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், நீர் இறைக்கும் பம்பு, எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிற பட்டறை. பிரேக் சத்தம் கேட்டுக் குடையுடன் ஓடிவந்தவர் பட்டறைக்காரர். வயது எழுபது இருக்கும். வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குள் கொண்டு சேர்த்தோம்.

பெரியவர் என்ஜின் மூடியைத் தூக்கி, என்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பாம்பு சீறுற மாதிரி 'உஸ்'ஸுன்னு கேக்குதா வாத்தியாரே? இது கரண்ட் வைப்பர் இல்லை. காத்து வைப்பர். பழைய ஜீப்புல பார்த்திருக்கேன்."

"மின்சார மோட்டார் போட்டுவிடலாமா?" என்றார் சிநேகிதர்.

"போடலாம். ஆனா இந்த வண்டி பாட்டரி ஆறு வோல்ட்டு. கடையில கிடைக்கிற மோட்டார் பன்னண்டு வோல்ட்டு. வண்டியோட ஒயரு, டைனமோ எல்லாத்தையும் மாத்தணும். முதல்ல இதுக்கு என்ன நோவுன்னு பார்ப்போம். அப்புறம் எரியறதை எரியலாம்."

காற்றினால் வைப்பர் ஆடுவது எப்படி? நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர்களாகையால், கொஞ்சம் பாடம் நடத்த நேயர்கள் அனுமதிக்கவேண்டும்.

இளநீரைக் குழல் வைத்து உறிஞ்சும்போது, நாம் இளநீரை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நம் வாயிலுள்ள காற்றைக் குறைக்கிறோம். அவ்வளவுதான். வெளியிலுள்ள காற்று இளநீரைக் கீழிருந்து தள்ளி ஏற்றுகிறது. காற்றுக்கு அத்தனை பலம் உண்டு. இத்தாலி தேசத்தில் டாரிசெல்லி என்ற அறிஞர் 1643-ல் அந்தப் பலத்தைப் பாதரசத்தினால் அளந்து காட்டினார். 76 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைக் காற்று தாங்கி நிற்கும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் சுமார் ஒரு கிலோ எடை.

மோட்டார் என்ஜின் ஓயாமல் காற்றை உறிஞ்சுகிற ஜந்து. நாம் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது, காற்று உள்ளே போகும் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. என்ஜினோ விடாமல் உறிஞ்சுகிறது. ஆகையால் கதவுக்கு உட்புறத்துக் குழாயில் காற்று மிகவும் குறைந்துபோகிறது. அங்கே ஓர் அளவுகருவியை வைத்தால், சுமார் 45 சென்டிமீட்டர் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். வெளிக்காற்றின் பலத்தில் ஐந்தில் மூன்று பங்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது என்று அர்த்தம்.

அந்த இடத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் வைப்பர் மோட்டாருக்குப் போகிறது. மோட்டார் என்று பெயரே தவிர, அதில் செம்புக் கம்பியும் இல்லை, காந்தமும் இல்லை. அரை வட்ட வடிவில் ஒரு பெட்டி. அதற்குள் கதவுபோல் இருபுறமும் ஆடும் ஒரு தகடு. ஒரு பக்கத்துக் காற்றை என்ஜின் உறிஞ்சினால், மறுபக்கத்துக் காற்று தகட்டைத் தள்ளும். தகடு ஓரத்துக்கு வந்ததும் ஒரு சிறு வில், 'டக்'கென்று வழியை மாற்றிவிடும். இப்போது எதிர்ப்பக்கத்தில் உறிஞ்சல். தகடு திரும்பி ஓடும். தகடு இருபது சதுர சென்டிமீட்டர் இருந்தால் அதன்மேல் பன்னிரண்டு கிலோ பலம் விழும். கை நீளமாகையால் நுனிக்கு வரும்போது அது மிகவும் குறையும். இருந்தாலும் மழைநீரைத் தள்ள அது போதும்.

சரி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால்? கதவு திறக்கிறது. காற்று தாராளமாக உள்ளே வருகிறது. வெற்றிடம் போய்விடுகிறது. வெற்றிடம் இல்லாவிட்டால் வைப்பரும் இல்லை. மேட்டில் ஏறும்போதும், இன்னொரு வண்டியைத் தாண்டும்போதும் நின்றுவிடும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டாலோ, பேய் பிடித்ததுபோல் ஆடும்! ஒரு காலத்தில் நம் ரயில்களுக்கெல்லாம் இந்த வெற்றிடமே பிரேக் போட்டது. அபாயச் சங்கிலியை இழுத்தால் காற்று உள்ளே புகுந்து ரயில் நின்றதும் இதே தத்துவத்தினால்தான்.

விளக்கெண்ணெய் வைத்தியம்

பெரியவர் முதலில் ரப்பர் குழாயைக் கழற்றினார். கையோடு ஒடிந்து வந்தது. "உஸ்" என்ற சீறலுக்குக் காரணம் அதன் வெடிப்புத்தான். தம்மிடமிருந்த மெல்லிய குழாய் ஒன்றை மாட்டிப் பார்த்தார். என்ஜின் உறிஞ்சிய உறிஞ்சலில் அது சப்பையாக ஒட்டிக்கொண்டுவிட்டது. பிறகு உள்ளே நூல் பின்னிய கனமான பெட்ரோல் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டினார். மறுமுனையில் நம்மை விரலை வைக்கச் சொன்னார். விரலை அட்டைபோல் பிடித்துக்கொண்டது. "என்ஜின் நல்லா இருக்கு. நோவு மோட்டாருலதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

திருப்புளியால் இரண்டு திருகாணிகளைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்ததும் பழைய கிரீஸ் தார்போல் உறைந்து கிடந்தது. தகட்டின் ஓரத்தில் காற்று ஒழுகாமலிருக்கத் தோல் வைத்திருந்தார்கள். அந்தத் தோல் காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தது. சிநேகிதர் பெருமூச்சு விட்டார். "இதற்கு அமெரிக்காவுக்கல்லவா எழுதவேண்டும்?"

"சைக்கிள் பம்புல என்ன இருக்குது சார்? தோல் வாஷர்தானே? அடி குழாயில என்ன இருக்குது? அதுவும் தோல்தானே? அது காஞ்சுபோனா நாங்க எங்கே எழுதிப் போடறோம்?" என்றார் பெரியவர். தோல் கிழியவில்லை, காய்ந்துதான் இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் குரல் கொடுத்து விளக்கெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அதை வெதுவெதுப்பாகச் சுடவைத்துத் தோலை ஊறப்போட்டார். பெட்டியை மாத்திரம் மண்ணெண்ணெயில் கழுவினார். "மண்ணெண்ணெயைத் தோல்ல காட்டக்கூடாது. இன்னும் காஞ்சுபோவும். ராத்திரி பூரா ஊறட்டும். காலையில வாங்க."

நம் நாட்டில் இந்தப் பெரியவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் பழைய வண்டிகள் எத்தனை பிழைத்திருக்கும்? ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-ல் பம்பாயில் தொழிற்சாலை வைத்தது. போர்டு வண்டிகளும் அங்கே பூட்டப்பட்டன. சுதந்திரம் வந்தபின், வெறுமனே பூட்டித் தருவது போதாது, உறுப்புக்களையும் இங்கேயே செய்யவேண்டும் என்று நம் சர்க்கார் நிபந்தனை வைத்தது. 1950-களின் நடுவில் அவ்விரு கம்பெனிகளும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. கம்பெனி போயிற்று. வண்டிகள் இங்கேயே நின்றன. அவற்றைப் பிறகு காப்பாற்றியது நம் ஊர்ப் பட்டறைகளே.

பப்பலோ நகரத்து மழை

அன்றிரவு சத்திரத்தில் சிநேகிதருக்கு உறக்கம் வரவில்லை. அந்த ஒரு முழத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சமாதானமாக நாம் ஒரு கதை சொன்னோம். கற்பனையல்ல, நடந்தது.

கண்ணாடியை உள்ளிருந்தபடியே துடைப்பதற்கு ஒரு கருவி செய்து 1903-ல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் ஒரு ஸ்திரீ. பெயர் மேரி ஆண்டர்சன். அலபாமாவைச் சேர்ந்தவர். நியூயார்க்கில் டிராம் வண்டியில் போகும்போது, பனித்தூறலில் கண்ணாடி தெரியாமல் டிரைவர் பட்ட பாட்டைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உண்டாயிற்று. 1905-ல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்று, 'இதற்கு வியாபார மதிப்பில்லை' என்று மறுத்துவிட்டது. அந்த அம்மாளுக்கு அதனால் காசு கிடைக்கவில்லை.

பிறகு முதல் உலக யுத்த காலம். பப்பலோ நகரத்தில் ஜான் ஒய்ஷி என்று ஒருவர். நாடக சாலை நிர்வாகி. மழை இரவில் மோட்டார் ஓட்டிக்கொண்டு போனபோது, கண்ணாடி வழியே ஒன்றும் தெரியாமல், சைக்கிளில் வந்த ஒருவன்மேல் மோதிவிட்டார். நல்ல காலமாக அவனுக்குப் பெரிய காயமில்லை. ஆனால் ஒய்ஷியின் மனத்தில் காயம் ஆறவில்லை. 1917-ல் வைப்பர் செய்வதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். பிற்காலத்தில் டிரைக்கோ என்று உலகப் பிரசித்தி பெற்றது அதுதான். முதலில் கையால் துடைக்கும் ரப்பர். பின்னர் காற்றினால் ஆடும் மோட்டார். பல வருஷகாலம் அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலானவை இந்தக் காற்று மோட்டாரையே நம்பியிருந்தன. மிதித்தால் நிற்கும் குறையைப் போக்க, பெட்ரோல் பம்போடு இன்னொரு காற்றறை சேர்த்துப் பார்த்தார்கள். முற்றும் போகவில்லை. கடைசியில் மின்சாரம் வந்து வென்றது. இருந்தும் அமெரிக்காவில் ஒன்றிரண்டு வண்டிகள் 1970-களின் தொடக்கம் வரையில் காற்றை விடவில்லை.

"ஆக, இந்த யந்திரமே ஒருவன் பட்ட மனவேதனையில் பிறந்தது" என்றோம்.

சிநேகிதர் வெகுநேரம் பேசாமலிருந்தார். "அந்த மனிதர் அதற்குப்பின் மெதுவாக ஓட்டினாரா?" என்று மாத்திரம் கேட்டார். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

தாயார் சொன்ன ரகசியம்

காலையில் போனபோது தோல் வெற்றிலைபோல் மிருதுவாகியிருந்தது. பெரியவர் அதை இடத்தில் பொருத்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். மூடிக்குக் கீழே வைக்கிற காகிதம் நைந்து போயிருந்தது. பழைய கலியாணப் பத்திரிகை ஒன்றின் அட்டையைக் கத்தரித்து, கிரீஸ் தடவி வைத்தார். பிறகு குழாய் முனையில் வாயை வைத்து உறிஞ்சினார். 'டக்' என்று தகடு திரும்பியது. இன்னொரு உறிஞ்சல். மீண்டும் 'டக்'. எழுபது வயதுக் கிழவர் முகத்தில் ஏழு வயதுச் சிரிப்பு!

வண்டியில் பூட்டி, கண்ணாடியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் ரப்பரும் கெடும், மோட்டாருக்கும் சுமை. என்ஜின் உறுமியது. குமிழைத் திருகியதும் கைகள் இரண்டும் எழுந்து, பரதநாட்டியம் பயின்றவைபோல் அளவாக ஆடின. சிநேகிதரின் ஆனந்தத்துக்கு எல்லையில்லை. அந்த உற்சாகத்தில் ஆக்ஸிலேட்டரை ஓர் அழுத்து அழுத்தினார்.

கைகள் தளர்ந்து நின்றன.

"பார்த்தீர்களா! இத்தனை செய்தும் பழையபடியே நிற்கிறது!" என்று கூவினார்.

"காலை எடுடா" என்றது பின் ஆசனத்திலிருந்து ஒரு குரல்.

சிநேகிதர் காலை எடுத்தார். கைகள் ஆடத் தொடங்கின.

"அது பிறந்ததிலிருந்தே அப்படித்தான்" என்றார் தாயார். "மழை வந்தால் மாமா வண்டியை விரட்டவேமாட்டார். பாரவண்டி ஓட்டுகிறவன்கூட எங்களைத் தாண்டிப் போவான். 'என்ன மாமா, இவ்வளவு மெதுவாகப் போகிறோமே' என்று ஒரு தரம் கேட்டேன். 'காலை எடுத்தால்தான் அம்மா கை ஆடும். கண் தெரியாதபோது எதற்கு வேகம்?' என்றார்."

"நேற்றே இதைச் சொல்லியிருக்கக்கூடாதா, அம்மா?"

"நேற்று நீ காலை எடுத்தபோதும் அது சரியாக ஆடவில்லையே. அடியோடு கெட்டுப்போயிற்று என்றுதான் நினைத்தேன். அதுவுமல்லாமல், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்கும்போது நீ யார் பேச்சைக் கேட்டாய்?"

சிநேகிதர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்லுவானேன்? நாமும் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தோம். "மெதுவாகப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கும் தோன்றவில்லையே! வெடித்த குழாயையும் காய்ந்த தோலையும் பெரியவர் பழுது பார்த்துவிட்டார். மிதிக்கிற காலைப் பழுது பார்ப்பது அவர் வேலையல்ல.

பழைய யந்திரமே உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அவசரத்தில் ஓடி ஒதுங்கவேண்டிய சமயத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் கருவி, குறையுள்ள கருவியே. மின்சார வைப்பர் வந்தது எத்தனையோ பேர் உயிரைக் காத்திருக்கும். ஆனால் பாட்டனார் தம் கருவியின் குறையை அறிந்து, அதற்குத் தக்கபடி நடந்துகொண்டார். வண்டி பேரனுக்குச் சொத்தாக வந்தது. அந்த அறிவு கூடவே வரவில்லை. அது எண்பத்திரண்டு வயது மருமகளின் ஞாபகத்தில், யாரும் கேட்காமல், அறுபது வருஷம் பின் ஆசனத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பெரியவர் கேட்ட கூலி சொற்பம். "வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க. வண்டியை மூடி வைக்காதீங்க, ஓட்டுங்க. நின்னாத்தான் எல்லாம் காஞ்சு போவுது" என்றார்.

பாதியில் நின்ற வலத்தை முடிப்பதற்காக அங்கிருந்து கிளம்பினோம். வாயு லிங்கத்தை நெருங்கும்போது மறுபடியும் மழை. சிநேகிதர் காலை எடுத்தார். கைகள் ஆடின. ஓரமாக ஐந்தாறு பேர் நனைந்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சமமாக வண்டி ஊர்ந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. சிநேகிதர் வண்டியை ஓரங்கட்டி, கையை வெளியே நீட்டி, "நீ போ அப்பா" என்று வழிவிட்டார்.

பஸ் இறைத்த நீரைக் கைகள் துடைத்துத் தள்ளின. தாயார் முன்னால் குனிந்து, கண்ணாடியின் வலது ஓரத்தில் விரலை நீட்டிக் காட்டினார். மழைக்கு நடுவே மலை தெரிந்தது.